கழுத்து திரும்பாதவருக்கு ஹெல்மெட்டில் பின்பார்வை: ஒரு நிகழ்வு ஆய்வு

இரு சக்கர வாகன ஓட்டிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தரும் எங்கள் சிறு குழுவிடம், ஹெல்மெட்டுக்குள் பின்பக்கம் தெரியும் கருவி ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தவரைப் பற்றிய பதிவு இது. அவரும் அவருடைய மகனும் சம்மதித்த பிறகே எழுதுகிறோம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டோம்.

பின்னணி

அவருக்கு வயது 52. கோவையில் பம்புசெட் உதிரி பாகக் கடை ஒன்றின் வெளியூர் விற்பனையாளர். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று சுற்றுவார்; அவ்வப்போது வாளையாறு தாண்டிப் பாலக்காடும் போவார். பின் சீட்டில் புஷ், சீல், இம்பெல்லர் சாம்பிள்கள் நிறைந்த பை. இளவயதிலிருந்தே மோட்டார் சைக்கிள்தான். பெரிய விபத்து எதுவும் கிடையாது.

கழுத்தெலும்புத் தேய்மானம் பல வருஷமாக இருந்து, கடைசியில் அறுவை சிகிச்சை செய்து இரண்டு எலும்புகளை இணைத்திருந்தார்கள். ஆறிய பிறகு வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கழுத்தில் பாரம் ஏறக்கூடாது, குலுங்கக் கூடாது என்பது நிபந்தனை. சாதாரணமாக ஒருவரால் கழுத்தை ஒரு பக்கம் 70 முதல் 80 டிகிரி வரை திருப்ப முடியும். இந்தச் சுழற்சியில் ஏறக்குறைய பாதியை மண்டைக்கு நேர் கீழே இருக்கும் முதல் இரண்டு எலும்புகளே தருகின்றன. இவருக்கு இணைத்தது அதற்குக் கீழே என்பதால் அசைவு முழுதாகப் போய்விடவில்லை. ஆனாலும் தேய்மானமும் இறுகிப்போன தசையும் சேர்ந்து, இடது பக்கம் பாதி அளவுக்கும் வலது பக்கம் அதற்கும் குறைவாகவும்தான் திரும்பியது.

நம் ஊரில் இடது ஓரமாக ஓட்டுகிறோம். முந்துபவர்கள் வலது பின்புறத்திலிருந்து வருவார்கள். இவருக்குக் கழுத்து குறைவாகத் திரும்பியதும் அதே பக்கம்தான்.

நடந்தது

பொள்ளாச்சி சாலையில் கிணத்துக்கடவை நெருங்கும்போது, இடது ஓரத்தில் தேங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று நின்றிருந்தது. அதைக் கடக்க இண்டிகேட்டர் போட்டார். வலது மிரரைப் பார்த்தார், எதுவும் இல்லை. வண்டியை வலது பக்கம் நகர்த்தினார். அந்த நேரத்தில் ஒரு கார் அவருடைய தோளுக்குச் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தது. காரோட்டி பிரேக் அடித்து ஹார்னை அழுத்தினார். காரின் மிரர் இவர் முழங்கையை உரசிக்கொண்டு போனது. விழவில்லை, அடியும் இல்லை.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. கடையில் கூட வேலை செய்பவர் வழியாக மகனுக்குத் தெரிந்தது. மகன் இணையத்தில் தேடி, பின்பக்கம் தெரியும் ஹெல்மெட் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து அப்பாவை எங்களிடம் கூட்டி வந்தார். "முதுகுல ஒரு கண்ணு இருந்தாப் போதுமுங்க தம்பி, மத்ததெல்லாம் நான் பாத்துக்குவேன்" என்றார் பெரியவர். வண்டி ஓட்டுவதை விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, விட்டால் வேலையும் போய்விடும் என்றார். நியாயமான பதில். அதை ஏற்றுக்கொண்டுதான் மேலே போனோம்.

முதலில் பார்த்தவை

எந்தக் கருவியைப் பற்றியும் பேசுவதற்கு முன்னால், அவருக்கு எது தெரியவில்லை என்பதை அளந்தோம். ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புற சிமெண்டுத் தளத்தில் வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, வழக்கமான ஹெல்மெட்டோடும் மூக்குக்கண்ணாடியோடும் அவரை உட்கார வைத்தோம். வலது பக்கம் அடுத்த வண்டி வரும் தொலைவில், வண்டிக்கு இணையாக சாக்பீஸால் ஒரு நீண்ட கோடு. மகன் பின்னாலிருந்து அந்தக் கோட்டின் மேல் மெதுவாக நடந்து வர வேண்டும். மிரரில் தெரியும் வரை அப்பா "தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மறைந்ததும் நிறுத்த வேண்டும். கழுத்தை முடிந்தவரை திருப்பி, கடைக்கண்ணில் மறுபடி தெரிந்ததும் சொல்ல வேண்டும். மறைந்த இடத்தில் ஒரு குறி, தெரிந்த இடத்தில் ஒரு குறி.

இரண்டு குறிகளுக்கும் நடுவே ஒரு கார் முழுசாக நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. மகன் அந்த இடைவெளியில் நின்று கையை ஆட்டினார். அப்பாவுக்குத் தெரியவில்லை. கிணத்துக்கடவில் கார் இருந்த இடம் இதுதான்.

அப்புறம் காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடினோம். கழுத்து மட்டும் காரணமாக இருக்கும் என்றுதான் அவர்கள் நினைத்து வந்திருந்தார்கள். ஆனால் வலது மிரரில் மூன்றில் ஒரு பங்கு அவருடைய சொந்தத் தோளும் முழங்கையுமே தெரிந்தன. வண்டி வாங்கிய நாளிலிருந்து மிரர் தண்டை யாரும் தொட்டதில்லை. மூக்குக்கண்ணாடியின் காது தண்டு அகலமான பிளாஸ்டிக். கடைக்கண் பார்வை வரும் இடத்தை அது அப்படியே மறைத்தது. ஹெல்மெட் ஒரு அளவு பெரியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கழற்றி மாட்ட வலித்ததால் தொளதொளவென்று ஒன்றை வாங்கியிருந்தார். தலை கொஞ்சமாவது திரும்பினாலும் ஹெல்மெட் கூடவே திரும்பவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டின் விளிம்புதான் வந்து நின்றது. விழுந்தால் கழன்று ஓடக்கூடிய ஹெல்மெட் அது என்பதையும் அங்கேயே சொன்னோம். முழு முக ஹெல்மெட்டுக்கான ஐரோப்பிய விதி, நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 105 டிகிரி வரை பார்வை திறந்திருக்க வேண்டும் என்கிறது. அளவு சரியாகப் பொருந்தினால்தான் அந்த 105 டிகிரி கண்ணுக்குக் கிடைக்கும்.

சந்தையில் என்ன இருந்தது

மகன் ஒரு பட்டியலோடு வந்திருந்தார். பிரிட்டனைச் சேர்ந்த ரீவு நிறுவனம் மின்சாரமே இல்லாத ஒரு வழியைக் கொண்டுவந்தது: ஹெல்மெட்டின் பின்புறம் ஒரு சிறு சாளரம், உச்சியில் ஒளியைத் திருப்பும் பாகங்கள், நெற்றிக்கு மேலே ஒரு குறுகிய பட்டையில் பின்காட்சி. அமெரிக்காவின் ஸ்கல்லி ஏஆர்-1 பின்னால் அகலக்கோணக் கேமராவும் கண் ஓரத்தில் சிறு திரையும் கொண்டது. 2016 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் பிஎம்டபிள்யூ கண்ணெதிர்த் திரை ஹெல்மெட்டைக் காட்டியது. 2017-ல் ஜப்பானிலிருந்து கிராஸ்ஹெல்மெட் கூட்டுநிதி திரட்டியது.

இவற்றில் ஸ்கல்லியின் கதையை மகனுக்கு விரிவாகச் சொன்னோம். 2014-ல் இண்டிகோகோ என்ற கூட்டுநிதித் தளத்தில் 24 லட்சம் டாலருக்கு மேல் முன்பணம் சேர்ந்தது. அனுப்புவதாகச் சொன்ன தேதி தள்ளித் தள்ளிப் போனது. 2016 ஜூலையில் நிறுவனம் மூடப்பட்டு, பிறகு திவாலானது. பணம் கட்டிய ஏராளமானோருக்கு ஹெல்மெட் வரவே இல்லை. அதன் பெயரை வாங்கிய வேறு சிலர் பிறகு புது மாடலோடு வந்தார்கள் என்றாலும், கழுத்து வலியோடு நாளைக்கு வண்டி எடுக்க வேண்டியவர் இப்படிப்பட்ட பொருளுக்கு முன்பணம் கட்டிக் காத்திருக்க முடியாது.

சட்டமும் குறுக்கே நின்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்ட ஹெல்மெட்டையே கேட்கிறது. அந்தத் தரம் ஐஎஸ் 4151. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இரு சக்கர வாகன ஹெல்மெட்டை இங்கே விற்கவோ இறக்குமதி செய்யவோ முடியாது. அதோடு, கேமரா, பேட்டரி, திரை எல்லாம் சேர்ந்தால் எடை கூடும். கழுத்தில் பாரம் ஏறக்கூடாது என்று எழுதித் தரப்பட்டவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அவர்கள் யோசித்திராத இன்னொரு விஷயமும் இருந்தது. ஹெல்மெட்டின் பின்னால் இருக்கும் எந்தக் கண்ணும் தலையோடு சேர்ந்தே திரும்பும். வலது பக்கம் ஆபத்து இருக்கிறதா என்று தலையை வலது பக்கம் திருப்பினால், பின்மண்டை இடது பக்கம் போகிறது. அதாவது வலது பின்புறம் தெரிய வேண்டிய அந்த நொடியில் கருவி இடது பின்புறத்தைக் காட்டும். தலை நேராக இருக்கும்போது நேர் பின்னால் வருவது நன்றாகத் தெரியும். அதை வண்டியின் மிரரும் ஓரளவு காட்டிவிடுகிறது. தோளுக்குப் பக்கத்து மறைவிடம் தெரிய, கருவியின் கோணம் மிக அகலமாக இருக்க வேண்டும். கோணம் அகல அகல வண்டிகள் சின்னதாக, தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

ஒட்டு மிரர்

ஹெல்மெட்டின் வலது ஓரத்தில் ஒட்டும் சின்ன வட்ட மிரர் ஒன்றை மகன் முன்பே வாங்கி வைத்திருந்தார். சைக்கிள் ஓட்டுபவர்கள் பயன்படுத்துகிறார்கள், அப்பாவுக்கும் சரிப்படும் என்பது அவருடைய எண்ணம். நிறுத்திய வண்டியில் உட்கார வைத்து மாட்டிப் பார்த்தோம். அப்பா கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, "ஒரே மங்கலா இருக்குதுங்க, ஏதோ அசையறது மட்டும் தெரியுது" என்றார். மகன் மாட்டிப் பார்த்தார். அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

காரணம் வெள்ளெழுத்து, அதாவது வயதாகும்போது கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாமல் போவது. குவி ஆடியில் தொலைவுப் பொருளின் பிம்பம், ஆடிக்குப் பின்னால் வளைவு ஆரத்தில் பாதித் தொலைவில் விழுகிறது. அதிகம் வளைந்த சின்ன மிரரில் அது ஒரு சில சென்டிமீட்டர்தான். மிரரே கண்ணுக்கு ஒரு கை அகலத்தில் இருக்கிறது. ஆக, பின்னால் 30 மீட்டரில் வரும் லாரியைப் பார்க்க, கண் 20 சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்துக்குக் குவிய வேண்டும். இருபது வயதுக் கண்ணுக்கு அது சுலபம். 52 வயதில் முடியாது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியில் பார்க்கும் அவருடைய புரோகிரசிவ் லென்ஸில், கிட்டத்தில் பார்ப்பதற்கான பகுதி கீழே இருக்கிறது; மிரர் இருந்ததோ பக்கவாட்டில்.

வண்டியின் மிரரில் இந்தச் சிக்கல் இல்லை. ஐநாவின் 81-ஆம் விதிமுறை மோட்டார் சைக்கிள் குவி மிரரின் வளைவு ஆரத்தை 1000 முதல் 1500 மில்லிமீட்டர் வரை வைக்கச் சொல்கிறது. அப்படியானால் பிம்பம் மிரருக்குப் பின்னால் 50 முதல் 75 சென்டிமீட்டரில் விழும். கைப்பிடி வரை உள்ள தூரத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டருக்கு மேல் வந்துவிடும். அவர் கண்ணுக்கு அது போதும்.

அப்போது எங்கள் குழுவில் ஒருவர் அந்த ஒட்டு மிரரை ஹெல்மெட்டிலிருந்து எடுத்து, வண்டியின் வலது மிரருடைய வெளிப்புறக் கீழ் மூலையில் ஒட்டினார். மகன் மறுபடி கோட்டின் மேல் நடந்தார். இந்த முறை முன்பு மறைந்த இடத்தைத் தாண்டியும் அப்பா "தெரியுது, தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மிரர் அதேதான். கண்ணுக்குப் பக்கத்தில் உதவாதது கைநீளத்தில் உதவியது. இந்த நிகழ்விலேயே முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கண்ணுக்கு அருகில் கெட்டியான ஒரு பொருள் நீட்டிக்கொண்டிருப்பது விழும்போது என்ன செய்யும் என்ற பயமும் எங்களுக்கு இருந்தது. ஐரோப்பாவில் ஈசிஇ 22.06 என்ற புதிய ஹெல்மெட் விதி வந்த பிறகு, ஹெல்மெட் தயாரிப்பாளர் சேர்க்கும் துணைக் கருவிகளையும் பொருத்தியே சோதிக்கிறார்கள். நாம் கடையில் வாங்கி ஒட்டுவதை யாரும் சோதிப்பதில்லை.

கேமரா

மகன் கேமராவை அவ்வளவு சுலபத்தில் விடுவதாக இல்லை. ஒரு சின்ன வயர்லெஸ் கேமராவை டபுள் சைடு டேப்பால் ஹெல்மெட்டின் பின்னால் ஒட்டி, காட்சியை ஹேண்டில்பாரில் பொருத்திய போனுக்குக் கொண்டுவந்தார். வெயிலில் திரை வெளிறிப்போனது. காட்சி சற்றுத் தாமதமாகவே வந்தது; மகன் கையைத் தூக்கிய பிறகுதான் திரையில் கை உயர்ந்தது. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு நொடிக்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் போய்விடும். வெளிறிய திரையில் எதையோ தேடிக் கண் ஒரு நொடி நிலைத்தாலே அவ்வளவு தூரம் பார்க்காமல் ஓட்டியதாக ஆகும்.

பாலக்காட்டுப் பயணமும் கணக்கில் வந்தது. 2022-ல் கேரள மோட்டார் வாகனத் துறை, ஹெல்மெட்டில் கேமரா பொருத்தி ஓட்டுவதற்கு எதிராக அறிவிப்பு வெளியிட்டது. சரி, ஹெல்மெட்டில் வேண்டாம் என்று கேமராவை நம்பர் பிளேட்டுக்கு மேலே மாற்றினோம். காட்சி நிலையாக வந்தது, தலை திரும்பினாலும் மாறவில்லை. ஆனால் ஓடும்போது அதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தோம். நிறுத்திய வண்டியைப் பின்னுக்குத் தள்ளும்போது மட்டும் பார்க்கலாம். கழுத்து திரும்பாதவருக்கு அதுவும் உண்மையான உதவிதான்.

எடுத்த முடிவுகள்

ஹெல்மெட்டில் எந்தப் பின்பார்வைக் கருவியும் வேண்டாம் என்பது முதல் முடிவு. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, எடை குறைந்த, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட்டைக் கடையில் மாட்டிப் பார்த்து வாங்கினார். கழற்றும்போது வலிக்காமல் இருக்க, தாடைப் பகுதி மேலே தூக்கும் வகை. மூக்குக்கண்ணாடிக்கு மெல்லிய கம்பித் தண்டு போட்ட பிரேம். வலது மிரருக்கு நீளமான தண்டு. தோள் போய் சாலை வந்தது. மூலையில் ஒட்டு மிரர்.

இவ்வளவும் செய்து கோட்டைச் சோதித்தபோது மறைவிடம் முழுக்க மூடவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் அங்கே நின்றால் இன்னும் தப்பிவிடும். அந்த மிச்சத்தைப் பழக்கத்தால் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

கழுத்துக்குப் பதில் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தோம். இதில் ஒரு ஆபத்து உண்டு: உடம்பு திரும்பும்போது கை ஹேண்டில்பாரைத் தள்ளிவிடும், வண்டி கோட்டை விட்டு ஓடும். அதனால் சாக்பீஸ் கோட்டின் மேல் மெதுவாக ஓட்டி, திரும்பிப் பார்த்தும் கோடு மாறாமல் வருகிற வரை பழகினார். வேகத்தில் அவருக்கு இது கைவரவில்லை. ஆகவே மெதுவாகப் போகும்போது மட்டும் என்று வரையறுத்தோம். முன்னால் வண்டி நின்றால் உடனே வலது பக்கம் போகாமல், வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, சின்ன மிரரைச் சில நொடி கவனித்து, சந்தேகம் இருந்தால் பின்னாலேயே நின்றுவிடுவது. பெரிய சாலையில் வலது பக்கம் திரும்ப வேண்டிய இடங்களில், இடது சந்துக்குள் போய் வண்டியைத் திருப்பி, சாலையைப் பார்த்தபடி நின்று இரண்டு பக்கமும் கவனித்துக் கடப்பது. "சுத்தி வர்றது நேரம் ஆகுமுங்களே" என்று முதலில் தயங்கினார். நாங்கள் வற்புறுத்தவில்லை, அவருடைய வழித்தடத்தில் அப்படிப்பட்ட இடங்களை அவரையே எழுதச் சொன்னோம். எழுதிப் பார்த்தபோது கைவிரலுக்குள் அடங்கியது, ஒப்புக்கொண்டார்.

அப்புறம் நடந்தவை

சில மாதம் கழித்துச் சந்தித்தபோது, உரசலோ பயமுறுத்தும் நெருக்கமோ எதுவும் நடக்கவில்லை என்றார். இதை வைத்து ஏற்பாடு வென்றுவிட்டது என்று சொல்ல முடியாது. முன்பும் அவர் பல வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியவர்தான்.

தொல்லைகளும் இருந்தன. மழையில் சின்ன மிரர் முழுக்கத் துளி கட்டிப் பயனற்றுப் போகிறது. கோடை வெயிலில் ஒருமுறை பசை விட்டுக் கழன்று விழுந்தது. நீளமான தண்டு வேகம் கூடும்போது அதிர்ந்தது. ரப்பர் வாஷர் போட்ட பிறகு குறைந்தது. இவற்றைவிட முக்கியமான ஒன்று: ஆரம்பத்தில் சின்ன மிரரைப் பார்த்தே பின்னால் வருபவரின் தூரத்தைக் கணித்திருக்கிறார். தூரத்தில் இருப்பதாக நினைத்த பஸ் மறுகணமே பக்கத்தில் வந்துவிட்டதாம். அன்றிலிருந்து, இருக்கிறதா இல்லையா என்று பார்க்கச் சின்ன மிரர், எவ்வளவு தூரம் என்று பார்க்கப் பெரிய மிரர் என்று வைத்துக்கொண்டார்.

இரவிலும் கனமழையிலும் ஓட்டுவதை அவராகவே நிறுத்திக்கொண்டார். பாலக்காட்டுக்கு ரயிலில் போகிறார். சாம்பிள்களைக் கடை முதலாளி பார்சலில் அனுப்ப ஒப்புக்கொண்டார். எங்கள் ஏற்பாடுகள் எல்லாவற்றையும்விட, வண்டியில் போகும் தூரம் குறைந்ததே அவருடைய ஆபத்தை அதிகம் குறைத்திருக்கும் என்பது என் கணிப்பு. முதலாளியிடம் பேசிய மகனுக்குத்தான் அந்தப் பாராட்டு.

மாற்றிக்கொள்ளப்போவது

இனி இதுபோல யாராவது வந்தால், முதலில் கண் மருத்துவரிடம் அனுப்பி, கைநீளத்திலும் அதைவிடக் கிட்டத்திலும் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று எழுதி வாங்கச் சொல்வோம். நாற்பது தாண்டியவர்களுக்கு எந்தக் கருவி உதவும் என்பதை அந்தத் தாளே பெரும்பாலும் சொல்லிவிடும். சாக்பீஸ் சோதனையை அவர் வழக்கமாகத் தூக்கும் சுமையோடும் செய்வோம். பின் சீட்டில் பை ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி மிரர் கோணம் மாறுகிறது என்பதை இந்த முறை பிறகுதான் பார்த்தோம். வேலை கொடுப்பவரையும் ஆரம்பத்திலேயே பேச்சில் சேர்ப்போம்.

இவரைப் பொறுத்தவரை, கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்பதை ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் டிகிரியில் குறித்துத் தரும்படி அவருடைய மருத்துவரிடம் கேட்டிருக்கிறோம். அந்த அளவு குறைந்தால் மண்டபத் தளத்தில் மறுபடி கோடு போட்டுப் பார்ப்போம். ஒரு கார் நிற்கும் அளவுக்கு மறைவிடம் திரும்ப வந்துவிட்டால் நெடுஞ்சாலையில் ஓட்டுவதை விட்டுவிடுவதாக அவர் மகன் முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார்.